ஏழு வரை

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பக்கம்:
'கற்பித்தல் பற்றிய எனது கொள்கை.'
ஞாயிறிலிருந்து எழுதுகிறேன்.
"ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விதை" என்று தொடங்கி
அழித்தேன்.
தோட்டக்காரி யார், நானா?
பல்கனியில் வைத்த கறிவேப்பிலையையே
ஒரு குளிர்காலம் தாண்டவைக்கத் தெரியாதவள்.
"ஆசிரியர் ஒரு விளக்கு" என்று தொடங்கி
அதையும்.
தேநீர் ஆடை கட்டிக் கிடக்கிறது.
யன்னலுக்கு வெளியே பீல் நகரம்
பாதி நவம்பர் மூடுபனிக்குள்; மீதியை
பேருந்துகள் இரண்டு மொழியில்
அறிவித்துக்கொண்டு போகின்றன.

இதற்கு நடுவில் இன்னொரு வேலை:
என் பாடத்தை நானே பார்க்க வேண்டும்.
ஐந்தாம் வகுப்பு, பின்னங்கள், நாற்பத்தைந்து நிமிடம்,
பின்சுவரில் சாய்த்து வைத்த கமெரா.

திங்கள் இரவு பார்த்தேன்.
முதலில் என் குரல், யாருடையதோ போல.
பிறகு என் கை,
வெண்கட்டியை ஒரு நொடி சும்மா வைத்திருக்கத் தெரியாத கை.
பிறகு பதினெட்டாவது நிமிடம்.

"மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா, எது பெரிது?"
கேட்ட வாய் மூடுமுன்
"மூன்றில் ஒன்று, இல்லையா?" என்று
நானே சொல்லி, நானே தலையாட்டி,
என் முதுகை நானே தட்டாத குறையாக
அடுத்த கணக்குக்குப் போகிறேன்.

நிறுத்தினேன். பின்னுக்கு இழுத்தேன்.
கடைசி வரிசை, ரேடியேட்டர் ஓரம், நெவியோ.
முழங்கை மேசையைவிட்டு எழும்புகிறது.
தோள்வரை வருகிறது.
என் பதில் விழுந்ததும்
காதைச் சொறியத்தான் வந்த கைபோல
காதைச் சொறிந்துவிட்டு
இறங்கிப் போகிறது.

பதினொரு தடவை பார்த்தேன்.
ஒன்றரை வினாடி.
உலகத்துக்கெல்லாம் கடிகாரம் செய்து அனுப்பும் ஊரில்
ஒரு பிள்ளைக்கு நான் அளந்து கொடுத்தது.

ஓகஸ்டிலிருந்து அவன் பெயருக்கு நேரே எழுதிவருகிறேன்:
"பங்கெடுப்பதில்லை."
என் எழுத்து. அழகான எழுத்து.

செவ்வாய்க்கிழமை அதே கேள்வியை மறுபடி கேட்டேன்.
கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணினேன்.
ஜெர்மனில் எண்ணினால் ஓடிவிடுகிறது,
தமிழில் எண்ணினேன்.
ஒன்று.
இரண்டு. யாரோ இருமினார்கள்.
மூன்று. ரீச்சருக்கு மறந்துவிட்டதோ என்று
எலோடி நிமிர்ந்து பார்த்தாள்.
நான்கு. ஒரு வகுப்பின் மௌனம் இவ்வளவு கனமென்று
எந்த விரிவுரையிலும் சொல்லவில்லை.
ஐந்து. தொண்டையில் முட்டிய பதிலை விழுங்கினேன்.
ஆறு.
ஏழில், நாக்கு மடிந்து ழகரத்தில் நிற்கையில்
முழங்கை எழும்பியது. தோளைத் தாண்டியது.

"அது பாணைப் பொறுத்தது," என்றான் நெவியோ.
"சின்னப் பாணில் மூன்றில் ஒன்றைவிட
பெரிய பாணில் நான்கில் ஒன்று பெரிசாய் இருக்கலாம்."

என் விடைத்தாளில் அது இல்லை.
இருபத்தொரு பேர் பாண் வெட்டத் தொடங்கினார்கள்,
காற்றில், கையால், சத்தமாக.
அடுத்த கணக்குக்கு நாங்கள் போகவேயில்லை.

ஆகவே எழுதினேன்:
"கேள்வி கேட்டவள் வாயை மூட வேண்டும்."
பேராசிரியருக்காகக் கொஞ்சம் மெருகேற்றினேன்.
மேற்கோள் நான்கு சேர்த்தேன்.
ஒன்றரைப் பக்கம் வந்தது.

அங்கே முடித்திருப்பேன்.
ஆனால் நேற்று ரோனியாவிடம் ஒரு கேள்வி கேட்டேன்.
ஏழு வந்தது. பத்து வந்தது.
புதிதாய்க் கற்ற பொறுமையோடு,
பெருமையோடு என்றும் சொல்லலாம்,
எண்ணிக்கொண்டே நின்றேன்.
பதினான்கில் அவள் கண் நிறைந்துவிட்டது.

அவளுக்கு வேண்டியது நேரமில்லை.
என் பார்வை கொஞ்சம்
வேறெங்காவது போயிருக்க வேண்டுமோ,
கேள்வியே வேறாக இருந்திருக்க வேண்டுமோ,
தெரியவில்லை.
மணி அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு போனாள்,
ஒரு பக்கச் சப்பாத்து நாடா அவிழ்ந்தபடி.

இன்று வியாழன்.
மீதி அரைப்பக்கத்தை வெறுமையாகவே
கொடுக்கப் போகிறேன்.
புள்ளி குறையும்.